டேப் ஒட்டிய ஃப்ரிட்ஜ்

எங்கள் வீட்டுக்குக் கீழே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பெயர். ஆனால் யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஆள் என்பதால்தான் அந்தப் பெயர் நிலைத்தது என்று அவர் மனைவி சொல்வார். அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்த டேப் ஒட்டிய ஃப்ரிட்ஜைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஊரில் பாதி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்த அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. காலையில் சமைத்ததை மதியத்துக்கு மேல் தொட மாட்டார். அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பள்ளியில் பக்கத்துப் பையன் மூக்கைச் சிந்தினால் இவர் சாப்பாட்டை மூடி வைத்துவிடுவாராம். அப்படிப்பட்டவருக்கு இந்தத் தொழில் வாய்த்தது.

"ஃப்ரிட்ஜ்னா குளிர்ச்சின்னு நினைக்கிறீங்க. பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கு, தெரியுமா?" என்று அவர் எங்களிடம் கேட்டிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. உள்ளே உருகும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, மோட்டாருக்கு மேலே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் சேருமாம். மோட்டார் சூட்டில் அது ஆவியாகிவிட வேண்டும். ஆனால் தண்ணீர் மட்டுமா இறங்குகிறது? சிந்திய பால், இறைச்சியிலிருந்து ஒழுகியது, அழுகிய தக்காளிச் சாறு எல்லாமே இறங்குகிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அந்தத் தட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. அது வெதுவெதுப்பான சூட்டில் வருஷக்கணக்காகக் கெட்டியாகி, மேலே சாம்பல் நிறத்தில் முடி முளைத்து, தொட்டால் தோல் மாதிரி சுருங்குமாம். "என் பொழப்பே அந்தத் தட்டுதான்" என்பார்.

வேலை முடிந்து வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட வேண்டும். அது அவர் மனைவியின் சட்டம். சட்டையைக் கழற்றலாம், மூக்கில் ஏறியதைக் கழற்ற முடியாதே. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பேய்க்கதை ஆட்டம் அது. கதையை நடத்துபவர் ஐஸ். மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம். "கதவைத் திறக்கிறேன்" என்று நான் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். ஓட முடியுமா, ஒளிய முடியுமா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். தைரியத்துக்கு அளவு வாஷர். ஆளுக்கு ஒரு கைப்பிடி இரும்பு வாஷர் தருவார். பயந்த இடத்தில் ஒன்றைத் தகர டப்பாவில் போட வேண்டும். கையிலிருப்பது தீர்ந்தால் அந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகக் கணக்கு. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய ஃப்ரிட்ஜ் கதவொன்றை இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்து, அதையே மேஜையாக்கி மதியம் முழுவதும் ஆடுவோம்.

ஆடுகிறவர்களில் மூத்தவர் நர்ஸ் அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை. எதைச் சொன்னாலும் பிஸ்கட்டைக் கீழே வைக்க மாட்டார். அடுத்தவர் டெய்லர் அண்ணா. எதிர்ச்சாரியில் கடை. ஐஸும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஐஸ் தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்து குடிக்கும் ஒரே மனிதர் அவர்தான். மூன்றாவது நான். பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் மாடிக்கும் தெருவுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே போனேன். மயிரிழையில் தேறிய கதையைக் கேட்டதும் எனக்கு 'பாஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஐஸ் எதையும் கற்பனை செய்ய மாட்டார். அவர் கதையில் வெள்ளைச் சேலைப் பேயோ தொங்கும் கயிறோ கிடையாது. வேலைக்குப் போன வீடுகளில் பார்த்தது, முகர்ந்தது, மிதித்தது மட்டும்தான் வரும். ஆனால் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். கதவு ஒரு வீட்டிலிருந்து, வாடை இன்னொரு வீட்டிலிருந்து, குரல் வேறொரு வீட்டிலிருந்து. கலந்துதான் தருவார். யார் வீடு என்று யாருக்கும் தெரியக் கூடாது, நாங்களும் கேட்கக் கூடாது.

"சொல்லிட்டா மூக்கிலிருந்து போயிடும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "வீட்டுல சொன்னா அவ சாப்பாட்டுத் தட்டத் தூக்கிட்டுப் போயிடறா. இங்கதான் கேக்கறீங்க."

அந்த மேஜை அவருக்கு விளையாட்டில்லை என்பது அன்றே எனக்குப் புரிந்தது. அதில் டெய்லர் அண்ணா இருந்தாக வேண்டும். அவருக்கு எப்போதாவது ஞாயிறு வர முடியாமல் போனால், அன்று ஐஸ் ஷட்டரைத் திறக்கவே மாட்டார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவை மூடும்போது அமுங்குமே, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான், அப்படி ஒன்றை மேஜை ஓரத்தில் பதித்து, சுவரில் ஒரு சின்ன பல்போடு இணைத்திருந்தார். ஃப்ரிட்ஜில் அழுத்தினால் அணையும், இதில் அழுத்தினால் பல்பு எரியும். யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அழுத்த வேண்டும். பல்பு எரிந்தால் கதை அந்த நொடியே நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை யாரும் அழுத்தியதே இல்லை. அழுத்தாமல் இருப்பது ஒரு கெத்தாகிவிட்டது.

"அக்கா, கை பொத்தான் பக்கம் போகுதே" என்பார் டெய்லர் அண்ணா.

"மேல விழுந்த பிஸ்கட் தூளைத் துடைக்கிறேன்டா. நீ உன் வாஷரை எண்ணிப் பாரு" என்பார் நர்ஸ் அக்கா.

அந்த ஞாயிறு ஐஸ் வழக்கத்தைவிட வேகமாக ஆரம்பித்தார். வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி படியில் என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். கலப்பதற்குப் பொறுமை இல்லையோ, நேரம் இல்லையோ, எனக்குத் தெரியாது. அன்று ஒரே வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டார்.

கதைப்படி நர்ஸ் அக்கா சுகாதார அதிகாரி. நான் மின்சார மீட்டர் பார்க்கிறவன். டெய்லர் அண்ணா வழக்கம்போல திருடன்.

"மாடி வீடு. மேல ஏற ஏற வாடை வருது" என்று ஐஸ் ஆரம்பித்தார். "செத்த எலி வாடை இல்ல. அது ஒரே மாதிரி இருக்கும். இது இனிப்பா வருது. பழக்கடைக் குப்பைத் தொட்டி மாதிரி முதல்ல இனிப்பு, அப்புறம் அதுக்கு அடியில வேற. கதவு ஒரு விரல் அளவு திறக்குது. ஒரு பொம்பள. புறங்கையால வாயைத் துடைச்சுக்கிட்டே பேசறா. 'நான் நல்லாத்தான் இருக்கேன். இத மட்டும் சரி பண்ணிக் குடுங்க.'"

அந்தக் குரலை ஐஸ் அப்படியே செய்து காட்டினார். மூச்சை உள்ளே இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் தயங்கித் தயங்கி. நானும் கைதட்டினேன், நர்ஸ் அக்காவும் கைதட்டினார். "ஐயோ, பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கு."

"சமையலறைக்குப் போறீங்க. மூலையில ஃப்ரிட்ஜ். கதவைச் சுத்தி டேப் ஒட்டியிருக்கு. பார்சல் கட்டற பழுப்பு டேப். பிரிஞ்ச இடத்துல மறுபடி ஒட்டி, அதுக்கு மேல மறுபடி ஒட்டி, கட்டைவிரல் தடிமன். அடியில கதவு இடுக்கிலிருந்து ஒரு கோடு வழிஞ்சு தரையில காஞ்சிருக்கு. வெல்லப்பாகு மாதிரி. ஆனா எறும்பு அதத் தொடல. சுத்திக்கிட்டுப் போகுது."

நான் ஒரு வாஷரை டப்பாவில் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். அருவருப்பிலும் ஒரு ருசி இருக்கிறது. மேலே, மேலே என்று கேட்கச் சொல்லும்.

"கிட்டப் போய்க் காது வெச்சா உள்ள சத்தம் கேக்குது. ரொம்ப மெல்லிசா. ஈர மண்ணை விரலால கிளறற மாதிரி. அவ ஓடி வந்து கதவுல முதுகைச் சாய்ச்சு நின்னுக்கறா. 'திறக்கக் கூடாது. திறக்காமலே சரி பண்ண முடியாதா?'"

டெய்லர் அண்ணா எந்தக் கதையிலும், எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு கேள்வி கேட்பார். அவர் தொழில் அப்படி. அன்றும் கேட்டார். "சன்னல்ல திரை என்ன துணி?"

"லைனிங் துணி" என்றார் ஐஸ், யோசிக்காமல். "வெட்டி மிஞ்சின துணி. மூணு கலர் ஒட்டுப் போட்டு. ஊதா, மஞ்சள், இன்னொண்ணு சாம்பலோ என்னவோ, அழுக்குல தெரியல. அடி மடிப்பு வெளிப்பக்கமா தைச்சிருக்கு. தைக்கத் தெரியாத எவனோ தைச்சது. அதுலதான் அவ கையத் துடைக்கிறா போல. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி விறைச்சு நிக்குது."

டெய்லர் அண்ணா சிரிக்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. நகம் வெளுத்திருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். பல்பு எரியவில்லை. சும்மா விரலை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐஸும் பல்பைத்தான் பார்த்தார். எரியவில்லை என்றால் போகலாம் என்று அர்த்தம். போனார். டேப்பின் ஒரு மூலை பிரிந்திருப்பதையும், அதில் ஒட்டியிருந்த அரிசி போன்றவை அரிசி இல்லை என்பதையும், அந்தப் பெண்ணின் முதுகில் நைட்டி நனைந்து ஒட்டியிருந்ததையும் சொன்னார். "திருடன்கிட்ட கத்தி இருக்கு. டேப்பை அறுக்கறியா? உருட்டு" என்று பகடையை டெய்லர் அண்ணாவிடம் நீட்டினார்.

டெய்லர் அண்ணா வாஷர் டப்பாவை இழுத்து அதில் வாந்தி எடுத்தார்.

புளித்த வாடை அந்தச் சின்னக் கடையில் பரவியது. நர்ஸ் அக்கா எழுந்து அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பல்பைப் பாருடா" என்றார் டெய்லர் அண்ணா, தலையைத் தூக்காமல்.

ஐஸ் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி அறுந்து கிடந்தது. எப்போது போனதோ. மாட்டிய நாளிலிருந்து அவர் அதைச் சோதித்ததே இல்லை. சோதிக்க யார் அழுத்தினார்கள்? ஊரார் வீட்டு பல்பையெல்லாம் மாற்றிக்கொடுத்த ஆள்.

"எந்த வீடு அது?"

"அதக் கேக்கக் கூடாதுல்ல, நம்ம..."

"எந்த வீடுடா?"

ஐஸ் மெதுவாகச் சொன்னார். "கடைசி பஸ் ஸ்டாப். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. மாடி."

"சரி பண்ணியா?"

"திறக்க விடல. எனக்கும்... முடியலடா. குமட்டிருச்சு. வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்."

"அந்தத் திரை நான் தைச்சது" என்றார் டெய்லர் அண்ணா. "தொழில் கத்துக்கிட்டப்போ தைச்ச முதல் துணி. அது என் அக்கா."

அவருக்கு ஒரு அக்கா உண்டு என்று எங்களுக்குத் தெரியும். அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்தவர். சின்ன வயதில் அடுத்தவர் வீட்டுப் படியே ஏறாத ஐஸ் அவரை நேரில் பார்த்ததில்லை. எப்போதாவது கேட்டால், 'தூரத்துல இருக்கா, நல்லா இருக்கா' என்று முடித்துவிடுவார். அந்தத் தூரம் பஸ்ஸில் கால் மணி நேரம்கூட இல்லை. பிறகு நர்ஸ் அக்கா கேட்டபோதுதான் சொன்னார்: ஏதோ பேச்சில் மனஸ்தாபம், அதன் பிறகு இவர் போன் செய்தால் அவர் எடுப்பதில்லை, இவரும் கோபத்தில் விட்டுவிட்டார்.

அன்று அவர் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்தபோது, ஐஸிடம் ஒன்றுதான் சொன்னார்.

"அவ வீட்டுலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டு வந்திருக்க. சரி பண்ணச் சொன்னத மட்டும் அங்கயே விட்டுட்டு வந்திருக்க."

எனக்கு அதற்குப் பிறகு அன்று சாப்பாடு இறங்கவில்லை. டேப், கோடு, எறும்பு, அரிசி எதையும் நினைத்து இல்லை. அந்தக் குரலை ஐஸ் செய்து காட்டியபோது நாங்கள் கைதட்டியதை நினைத்து. ஒரு பெண் கதவில் முதுகைச் சாய்த்துக் கெஞ்சியதை நாங்கள் டீயோடு சேர்த்து ரசித்திருக்கிறோம். நர்ஸ் அக்காவும் அதையே சொன்னார். "புண்ணைப் பத்தி நான் வார்டுக்கு வெளிய வாயே திறக்க மாட்டேன் பாஸ். இங்க உக்காந்து மென்னு தின்னிருக்கேன் பாரு." பாதி பிஸ்கட்டைத் தெருவில் எறிந்துவிட்டு நடந்தார்.

அடுத்த நாள் காலையில் கீழே போனபோது ஐஸ் குழாயடியில் வாஷர்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததை முகர்வார், மறுபடி தேய்ப்பார். எதிர்க் கடையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வழக்கமாகப் பதினோரு மணிக்கு இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். அன்று டெய்லர் அண்ணா தனியாகக் குடித்துவிட்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்.

"பாஸ், அவன் இனிமே வருவானா?" என்று கேட்டார் ஐஸ்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. "எனக்கே வரலாமான்னு தெரியல அண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டினார். வாஷரை ஒரு துணியில் கொட்டிவிட்டு, ஈரக்கையோடு தெருவைக் கடந்தார். நானும் பின்னால் போனேன்.

டெய்லர் அண்ணா மெஷினை நிறுத்தவில்லை.

"நான் இன்னிக்குப் போறேன்டா" என்றார் ஐஸ். "திறந்து, எடுத்து, கழுவிட்டு வந்துடறேன். நீ வர வேணாம். உன் பேரச் சொல்லி உள்ள போகட்டுமா?"

"என் பேரச் சொன்னா திறக்க மாட்டா."

"அப்ப வேற எப்படி..."

டெய்லர் அண்ணா துணியைத் திருப்பினார். மறுபக்கத்தையும் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டேப் அறுக்கக் கத்தி வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"கோணி எடுத்துக்கோ. நெறைய."

மதியம் நர்ஸ் அக்கா கையுறையும் முகக்கவசமும் கொண்டு வந்தார். டெய்லர் அண்ணா கடையைப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தார். ஃப்ரிட்ஜை இறக்க ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். ஐஸ் சொன்ன வாடை படியிலேயே வந்தது. முதலில் இனிப்பு, அதற்கு அடியில் வேறு. கதையில் கேட்டபோது அது எனக்கு வெறும் வார்த்தையாக இருந்தது. நேரில் அது தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாயால் மூச்சு விட்டால் நாக்கில் ருசித்தது.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அந்த அக்கா முதலில் தம்பியைத்தான் பார்த்தார்.

"எதுக்கு வந்த?"

"சும்மாதான்."

"இளைச்சுட்ட."

"நீ மட்டும் என்ன. தள்ளு, உள்ள வரேன்."

"வராத. வீடு கூட்டல."

"தெரியும்" என்றார் டெய்லர் அண்ணா. கையைக் கதவிடுக்கில் வைத்தார். மூடினால் விரல் நசுங்கும். அந்த அக்கா கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துவிட்டுக் கதவை விட்டார். பின்னால் நின்ற ஐஸை அடையாளம் தெரிந்ததும் புறங்கை வாய்க்குப் போனது. "திறக்கக் கூடாது."

"நான் திறக்கல. நீயும் பார்க்க வேணாம். இவன் திறப்பான். நீ இந்த அக்கா கூட வெளிய நில்லு."

நர்ஸ் அக்கா அவரை மொட்டை மாடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததை அங்கேதான் அந்த அக்கா சொன்னாராம். காய்ச்சலில் படுத்த ஒரு வாரத்தில் ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருக்கிறது. எழுந்து வந்து ஒரு தடவை திறந்திருக்கிறார். பார்த்ததும் மூடிவிட்டார். நாளைக்குச் சுத்தம் செய்யலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். நாளாக நாளாக அது பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. வாடை வெளியே வராமல் டேப். பிறகு யாரும் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம். தம்பி போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் வரேன் என்பான், வந்தால் தெரிந்துவிடும். அவ்வளவுதான். டெய்லர் அண்ணா கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

உள்ளே ஐஸ் கத்தியோடு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். மேல் மூலையில் அறுத்தார். உஸ் என்று காற்று வந்தது. அவர் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார். கண்ணில் நீர். "டேய், இது..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாத" என்றார் டெய்லர் அண்ணா. "எடு."

அதற்குப் பிறகு ஐஸ் வாயே திறக்கவில்லை. கதவு பிய்ந்துகொண்டுதான் வந்தது. ரப்பர் பட்டையின் மடிப்புகள் முழுக்க மிளகு கொட்டியது போல் செத்த ஈக்களும் கூட்டுப்புழு ஓடுகளும். உள்ளே தட்டுகளுக்கு நடுவில் இடைவெளி இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, கறுத்து, பளபளத்தது. பால் பாக்கெட் ஊதி வெடித்திருந்தது. முட்டை ஓடுகள் ஈயம் மாதிரி இருந்தன. ஒரு பாத்திரத்தில் இறைச்சி இருந்த இடத்தில் கொழகொழவென்று ஏதோ அசைந்தது. அசைந்தது அதுவல்ல, அதற்குள் இருந்தவை. ஐஸ் இரு கைகளாலும் அள்ளிக் கோணியில் போட்டார். டெய்லர் அண்ணா கோணியை விரித்துப் பிடித்தார். ஒவ்வொரு அள்ளலுக்கும் ஐஸுக்கு ஓங்கரித்தது. முகக்கவசத்துக்குள்ளேயே ஒருமுறை வந்துவிட்டது. அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கையை விட்டார். நான் இரண்டு தடவை படிக்கு ஓடினேன்.

கடைசியில் பின்பக்கம் போய் அந்தத் தட்டை இழுத்தார். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஃப்ரிட்ஜை இனி எதற்கும் உபயோகிக்க முடியாது. மூவருமாகத் தூக்கி இறக்கினோம். நான் கீழ்ப்படியில். நடுவில் அது சாய்ந்தது. உள்ளே எங்கோ தங்கியிருந்தது சில்லென்று என் பின்கழுத்தில் வழிந்து சட்டைக்குள் முதுகு வரை போனது. கை விட்டால் ஃப்ரிட்ஜ் என் மேல் விழும். விடாமல் நின்றேன். அன்று எத்தனை தடவை குளித்தேன் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வார். இன்றும் சட்டை காலர் ஈரமானால் எனக்கு உடம்பு கூசும்.

மேலே திரும்பிப் போனபோது அந்த அக்கா எங்களைப் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் திரும்பி நின்றபடியே, "அந்தத் திரையையும் எடுத்துட்டுப் போயிடு" என்றார் தம்பியிடம். "ரொம்ப அழுக்கு."

"துவைச்சா போகும்" என்றார் டெய்லர் அண்ணா. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க ஐஸ் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால்தான் மூக்கிலிருந்து போகும் என்ற ஆள், சொல்லாமல் சுற்றினார். முகம் வெளிறி, வெறும் தண்ணீரும் வாழைப்பழமுமாக. கடையில் புது பல்பு மாட்டியிருந்தார். எதிர்க் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஷட்டரைத் திறந்து, பிறகு பாதி இறக்கினார். மேஜையைப் போட்டார். நானும் போனேன், ஏன் என்று தெரியாமல். நர்ஸ் அக்கா பிஸ்கட் இல்லாமல் வந்தார். தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன வாஷர்களை ஐஸ் மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றைக் காலி ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார்.

ரொம்ப நேரம் கழித்து ஷட்டருக்கு அடியில் செருப்புக் கால்கள் தெரிந்தன. டெய்லர் அண்ணா குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்து அழுத்தினார்.

பல்பு எரிந்தது.

எரிந்தால் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. ஐஸ் வாயை மூடிக்கொண்டார். டெய்லர் அண்ணா விரலை எடுக்கவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் நால்வரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். தெருவில் பஸ் ஒன்று போனது. நர்ஸ் அக்கா எழுந்து போய் டீ வாங்கி வந்தார். டெய்லர் அண்ணா இடது கையால் வாங்கிக் குடித்தார். ஐஸுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. துடைக்கக்கூட இல்லை.

டீயைக் குடித்து முடித்ததும் டெய்லர் அண்ணா விரலை எடுத்தார். பல்பு அணைந்தது.

"எங்க இருக்கோம்?" என்றார்.

ஐஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வீட்டு வாசல்ல."

"சன்னல்ல திரை என்ன துணி?"

இத்தனை நாளில் அந்தக் கேள்விக்கு ஐஸ் தயங்கி நான் பார்த்ததில்லை. "தெரியல" என்றார். "நான் பார்த்த வீடு இல்ல இது. நீயே சொல்லு."

டெய்லர் அண்ணா கொஞ்சம் யோசித்தார். "திரை இல்ல. துவைக்கப் போட்டிருக்காங்க. சன்னல் திறந்திருக்கு. நல்ல காத்து."

"அப்ப பேய் எப்படிடா வரும்?" என்றார் நர்ஸ் அக்கா.

"அது அவன் கவலை" என்று சொல்லிவிட்டு டெய்லர் அண்ணா ஒரு வாஷரை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னும் நாறுதுடா இது."

"இன்னொரு தடவை கழுவறேன்" என்றார் ஐஸ்.

"அப்புறம் கழுவலாம். பகடைய எடு."